மறு: பாட்டில்நெக் என்பதற்குக் குறுமடை

அனைவருக்கும் வணக்கம்.

பல பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலையில் மொத்த வேகத்தையும் கட்டுப்படுத்தும் பகுதியை ஆங்கிலத்தில் பாட்டில்நெக் என்கிறார்கள். அதற்குத் தமிழில் போன வாரம் நான் முன்வைத்த 'குறுமடை'க்கு வந்த மறுமொழிகளைப் படித்தேன். தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். சொல்லைப் பேசுவதற்கு முன்னால், இந்தப் பேச்சுக்கு வித்திட்ட தம்பியின் கேள்வி இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது.

> அண்ணா, என்னிடம் ரைசன் 5 3600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் இருக்கிறது. 1440பி மானிட்டர் வாங்கப் போகிறேன். பிராசசர் பாட்டில்நெக் ஆகும், அதை முதலில் மாற்று என்கிறார்கள். கையில் ஒன்றை மாற்றத்தான் பணம் இருக்கிறது.

மாற்ற வேண்டியது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற கிராபிக்ஸ் கார்டைத்தான் தம்பி, ரைசன் பிராசசரை அல்ல. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏதோ ஒரு விளையாட்டில், ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) பிராசசர் 10 மில்லிநொடியும் கிராபிக்ஸ் கார்டு 9 மில்லிநொடியும் எடுக்கின்றன என்று வைத்துக்கொள். இரண்டும் அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒரே சமயத்தில் வேலை செய்வதால், எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். அதாவது நொடிக்கு 100 ஃபிரேம். இது 1080பி (1920×1080 புள்ளி) திரையில். அங்கே புள்ளிகள் 20.7 லட்சம். 1440பி-யில் (2560×1440) 36.9 லட்சம், ஏறக்குறைய 1.78 மடங்கு. புள்ளிகளுக்கு நிறம் போடுவது கார்டின் வேலை, எனவே அதன் 9 மில்லிநொடி 16 ஆகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது என்று பார்க்கும் பிராசசருக்குத் திரை பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன? அதே 10 தான். ஆக, நொடிக்கு 62 ஃபிரேம். இப்போது பிராசசரை மாற்றி அதன் 10-ஐ 5 ஆக்கினாலும் 62 தான் வரும். (உண்மையில் கார்டின் வேலை புள்ளிக்குப் புள்ளி சரியாக ஏறாது, சற்றுக் குறைவாகவே ஏறும். போக்கு இதுதான்.)

நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றேன். கடைக்காரர் ஒருவர் சொன்னார் என்று பிராசசரை மாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து 1440பி-யில் ஓடவிட்டால் பழைய எண்ணே வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. 1080பி-க்கு உண்மையானதை 1440பி-க்கும் சொல்லிவிட்டார். அன்றைக்கே எனக்குத் தோன்றியது, இந்தக் கருத்துக்கு நம்மிடம் சரியான சொல் இருந்திருந்தால் 'எந்த இடத்தில்?' என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

இதனால்தான் மறுமொழிகளில் வந்த 'தடை', 'முட்டுக்கட்டை' இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை. தடை என்றால் ஓட்டம் நின்றுவிடும். இங்கே நிற்பதில்லை, அளவு குறைகிறது. முட்டுக்கட்டை யாரோ வேண்டுமென்றே போடுவது. 'நெரிசல்' நல்ல சொல்தான், ஆனால் அது விளைவைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. 'புட்டிக்கழுத்து' நேர்பெயர்ப்பு, கேட்டவருக்குப் புட்டிதான் நினைவுக்கு வரும்.

மடை இந்த வேலையைப் பிறவியிலேயே செய்கிறது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், மடையின் அகலம் விடுகிற அளவுதான் வயலுக்குப் போகும். வரிசையாகப் பல மடைகள் இருந்தால், இருப்பதில் குறுகியது எதுவோ அதுவே மொத்தப் பாய்ச்சலுக்கும் அளவு.

> மடை என்றால் படையல், சோறு என்றும் பொருள் உண்டே? மடைப்பள்ளி இருக்கிறதே.

உண்டு ஐயா. ஆனால் மடைதிறந்த வெள்ளம் என்று சொல்லும்போது யாருக்கும் சோறு நினைவுக்கு வருவதில்லை. ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறப்பும், தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருமா என்ற கவலையும் செய்தியில் வருகின்றன. வயலைப் பார்க்காத நகரத்துப் பிள்ளைக்கும் அந்தச் சொல் காதில் விழுந்திருக்கிறது. தலைமடை, கடைமடை என்ற குடும்பத்தில் குறுமடை புதுப்பிள்ளையாகச் சேர்ந்துகொள்ளும்.

> குறுகுமடை என்றால் வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும். குறுமடை என்றால் 'சின்ன மடை' என்று ஆகிவிடாதா?

அழகான யோசனை அக்கா, இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒப்ப முடியவில்லை. மேலே உள்ள கணக்கில் கார்டு குறுகவே இல்லை. அது அப்படியேதான் இருக்கிறது, வேலைதான் பெருகியது. குறுகுமடை என்றால் பொருளே சுருங்கியது போல ஆகிவிடும். 'குறு' என்பது பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஒப்பிடும் பொருள் மாறினால் குறுமடையும் இடம் மாறும். எனக்கு வேண்டியது அதுதான்.

இடம் மாறுவதற்கு இன்னொரு சான்று. ஆர்டிஎக்ஸ் கார்டுகளில், குறைந்த புள்ளிகளில் வரைந்து பிறகு பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் என்ற வசதியை 'குவாலிட்டி' நிலையில் போட்டால், 1440பி திரைக்கு உள்ளே வரையப்படுவது ஏறத்தாழ 1707×960 தான். 16.4 லட்சம் புள்ளிகள், 1080பி-யை விடக் குறைவு. பெரிதாக்கும் வேலைக்குக் கொஞ்சம் நேரம் போனாலும், கார்டு மூச்சுவிட்டுக்கொள்ள, குறுமடை மறுபடி பிராசசரிடமே போய்விடலாம்.

தம்பி, உன் பி450 போர்டில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புதுக் கார்டாக ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்தால், அது போர்டோடு எட்டு லேன்களில்தான் (தரவுப் பாதைகளில்தான்) பேசும். பி450 தருவது அந்தப் பாதைகளின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டுமே, எனவே நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி தான் போய்வரும். கார்டுக்குள் இருக்கும் நினைவகமோ நொடிக்கு 272 ஜிபி. அந்த நினைவகத்தின் கொள்ளளவான 8 ஜிபி நிரம்பாத வரை ஒன்றும் தெரியாது. நிரம்பி வழிந்து, பிராசசர் பக்கத்து ரேமுக்குத் தரவு போய்வர ஆரம்பித்தால் படம் திக்கித் திக்கி நிற்கும். எவ்வளவு தெளிவான குறுமடை பாருங்கள்! பதினாறு லேனும் 12 ஜிபி-யும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 வேகத்தில் பின்தங்கியதுதான், ஆனால் உன் போர்டில் அதைத்தான் எடுப்பேன், பழையதாகக் கிடைத்தாலும். பவர் சப்ளை 550 வாட் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்.

> பாட்டில்நெக் என்றே எழுதினால் என்ன? எல்லாருக்கும் புரிகிறது.

விளையாடுகிறவர்களுக்குப் புரிகிறது, சரி. ஆனால் புரிந்ததாக நினைத்துத்தான் நானும் பிராசசரை மாற்றினேன். கார்டு, ஃபிரேம், மானிட்டர் எல்லாம் நான் அப்படியே எழுதுகிறேன், அவை பொருள்களின் பெயர். 'செயலி' இப்போது ஆப்புக்கும் ஆகிவிட்டதால் பிராசசர் என்றே எழுதுகிறேன். குறுமடை பொருளின் பெயர் இல்லை, யோசிக்கும் முறை. யோசனை தாய்மொழியில் இருந்தால் கேள்வியும் தாய்மொழியில் எழும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'இந்த விளையாட்டில் கார்டுதான் குறுமடை.' 'ரேம் ஒற்றைத் தடத்தில் இருப்பதால் குறுமடையாகிறது.' 'குறுமடை எங்கே என்று பார்த்தாயா?' மூன்றும் இயல்பாகவே வருகின்றன.

தம்பி, வாங்கும் முன் ஒரு சோதனை செய். இப்போதுள்ள மானிட்டரிலேயே 1080பி-யில் ஓடவிட்டு எண்ணைக் குறித்துக்கொள். அப்புறம் 720பி-க்கு இறக்கு. எண் நன்றாக ஏறினால் கார்டு குறுமடை. ஏறவே இல்லை என்றால் பிராசசர். பிராசசர் 40 விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று திரையில் காட்டினால் நம்பிவிடாதே. அது உன் பிராசசரில் ஒரே சமயத்தில் ஓடும் பன்னிரண்டு வேலைத் தடங்களின், அதாவது இழைகளின், சராசரி, ஒரே ஓர் இழை முழுதாக நிரம்பியிருந்தாலும் எல்லாம் அதற்காகக் காத்திருக்கும். இரண்டு எண்களையும் இங்கே எழுது.

தஞ்சை, நாகைப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குறுகலான மடைக்கு உங்கள் ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே பெயர் இருந்தால் சொல்லுங்கள். இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.