பிஓஇ போர்ட்டில் சாதாரண கம்ப்யூட்டர்: செருகினவங்க சொல்லுங்க

ஈரோடு, துணிக்கடை:
கேமராவுக்காகப் போட்ட எட்டு போர்ட் பிஓஇ ஸ்விட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்ட்டும் கொடுக்கிற ரகம்) மூணு போர்ட் சும்மா கிடக்கு. பில்லிங் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அதிலேயே செருகலாம்னு பார்த்தா, "48 வோல்ட் ஏறி கம்ப்யூட்டர் போர்டு போயிடும்"னு எங்க கணக்குப்பிள்ளை கையைப் பிடிக்கிறார். யாராவது செருகியிருக்கீங்களா?

சென்னை, ஆபீஸ் நெட்வொர்க்:
தினமும் செருகிட்டுத்தான் இருக்கேன். எங்க மாடி முழுக்க பிஓஇ ஸ்விட்ச்தான். லேப்டாப், பிரிண்டர், விரல்ரேகை மெஷின் எல்லாமே அதில்தான் ஓடுது. 2003-இல் வந்த 802.3ஏஎஃப்ங்கிற பிஓஇ தர விதிப்படி, ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைத் தள்ளாது. சுமார் 10 வோல்ட்டுக்குள்ள கொஞ்சமா விட்டுப் பார்க்கும். மறுமுனையில் 25 கிலோஓம் அளவுக்கு ரெசிஸ்டன்ஸ் தெரிஞ்சாத்தான் பவர். லேப்டாப்பில் அது கிடையாது, அதனால வெறும் டேட்டா மட்டும் போகும். நானும் முதல் நாள் பயந்துபோய் ஒரு ஓட்டை லேப்டாப்பைத்தான் பலி கொடுக்கக் கொண்டுபோனேன். அது இன்னும் உயிரோட இருக்கு.

மதுரை, வயர்லெஸ் வேலை:
அவர் சொல்றது கேட்டுட்டுக் கொடுக்கிற பிஓஇ. கேட்காமலே கொடுக்கிறதும் இருக்கு, பாசிவ்னு சொல்வோம். மொட்டைமாடி வயர்லெஸ் ரேடியோவோட வர்ற 24 வோல்ட் இன்ஜெக்டர், அதாவது கேபிளுக்குள்ள கரண்ட் ஏத்துற குட்டி டப்பா, அந்த ரகம். அதில் லேன், பிஓஇன்னு ரெண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்துல இருக்கும். என்கூட வந்த தம்பி மாத்திச் செருகிட்டான், கம்ப்யூட்டர் பிஓஇ பக்கம் போயிடுச்சு. கேபிளோட எட்டு வயரில் 4, 5-இல் பிளஸ், 7, 8-இல் மைனஸ். அந்த ஜோடிகளுக்கு நடுவே கம்ப்யூட்டரோட நெட்வொர்க் கார்டுக்குள்ள பெரும்பாலும் 75 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு தொடரா நிக்கும். கணக்குப் போட்டா 160 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 4 வாட். கடுகு சைஸ் ரெசிஸ்டர் எப்படிங்க தாங்கும்? முதல்ல வாசனைதான் வந்துச்சு. லேன் போர்ட் போச்சு, என் ரெண்டு நாள் கூலியும் போச்சு.

ஈரோடு, துணிக்கடை:
ஐயோ. எங்க ஸ்விட்ச் பின்னாடி "48 வோல்ட் பிஓஇ"ன்னு மட்டும் இருக்கு, வேற நம்பர் எதுவும் இல்ல.

மதுரை, வயர்லெஸ் வேலை:
அப்ப செருகாதீங்க. காலி போர்ட்டில் ஒரு கேபிளைப் போட்டு, மறுமுனை வயரைச் சீவி மல்டிமீட்டர் வைங்க. 4, 5-க்கும் 7, 8-க்கும் நடுவுல ஒரு தடவை, 1, 2-க்கும் 3, 6-க்கும் நடுவுல ஒரு தடவை. முள் அசையாம 48-லயே நின்னா அது பாசிவ். சும்மா துடிச்சு அடங்கினா பயமில்ல.

சேலம், கேமரா வேலை:
ஒண்ணு சேர்த்துக்கறேன். கேமரா ஸ்விட்ச் சிலதுல எக்ஸ்டெண்ட்னு ஒரு குட்டி பட்டன் இருக்கும், 250 மீட்டர் வரை இழுக்கிறதுக்கு. அதைத் தட்டினா போர்ட் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிடும். ஒரு மளிகைக்கடையில் பில்லிங் மெதுவா ஓடுதுன்னு ரெண்டு தடவை விண்டோஸ் மாத்தினேன். வெட்கக்கேடு.

ஈரோடு, துணிக்கடை:
பார்த்தாச்சு. 48, அசையவே இல்ல. பிஓஇ இல்லாத அப்லிங்க் போர்ட் (வேற ஸ்விட்ச், ரூட்டரோட இணைக்கிறது) ஒண்ணு ஓரத்துல இருந்துச்சு. அதையும் மீட்டர் வச்சுப் பார்த்துட்டு, ஒரு சாதாரண அஞ்சு போர்ட் ஸ்விட்ச் வாங்கி அதில் தொங்கவிட்டேன். கம்ப்யூட்டர், பிரிண்டர் ரெண்டும் ஓடுது. கணக்குப்பிள்ளைகிட்ட இன்னும் சொல்லல.