எக்ஸ்க்ளூட்: ‘நீக்கு’ வேண்டாம், ‘விலக்கிவை’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

காப்பு நகல் (பேக்கப்) எடுக்கும் மென்பொருளின் தமிழாக்கத்தில், ‘இதை நகலில் சேர்க்காதே’ என்று பொருள்படும் ‘எக்ஸ்க்ளூட்’ என்ற கட்டளைக்கு ‘நீக்கு’ என்று முன்மொழிந்த நண்பரின் மடலைப் படித்தேன். சொல் சிறியது, பொத்தானில் அடங்கும் என்று அவர் கூறும் காரணம் சரியே. ஆயினும் ‘டெலீட்’ என்பதற்கும் நாம் ‘நீக்கு’ என்றே எழுதிவருகிறோம். இதன் விளைவை மதுரையில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஒரு கடையில் நேரில் பார்த்தேன். பழைய வடிவமைப்புகள் இருந்த கோப்புறையை நகலில் சேர்க்க வேண்டியதில்லை என்று எண்ணிய பணியாளர், திரையில் ‘இக்கோப்புறையை நீக்கு’ என்று கண்டதும், தொட்டால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சி, மென்பொருளை ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொண்டார். அவருடைய அச்சம் நியாயமானது. பிழை நம் சொல்லில் இருந்தது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘க்ளவுதெரே’ என்றால் அடைத்தல். கதவைச் சாத்தி வெளியே நிறுத்துவதே அதன் முதற்பொருள். உள்ளே இருந்ததை அகற்றுவதை அது முதன்மையாகக் குறிப்பதில்லை. நம் ‘நீக்கு’ என்பதோ, பொருள் ஏற்கெனவே உள்ளே இருந்தது என்று இன்றைய கணினிப் பயனருக்குச் சொல்கிறது.

நம் பழைய இலக்கண உரையாசிரியர்கள் இதே கருத்துக்கு ‘நீக்கு’ என்பதைத்தானே ஆண்டார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ‘கருங்குதிரை’ என்னும்போது ‘கரு’ என்ற அடைமொழி வேறு நிறக் குதிரைகளைக் கணக்கிலிருந்து விலக்குவதால், அதனைப் ‘பிறிதின் இயைபு நீக்கியது’ என்றார்கள். ‘செஞ்ஞாயிறு’ என்பதில் உள்ள அடையோ வேறு ஞாயிறு எதையும் விலக்காமல் ஞாயிற்றின் செம்மையையே சொல்வதால் ‘தன்னோடு இயைபின்மை நீக்கியது’. அங்கே நீக்கப்படுவது இயைபு, அதாவது தொடர்பு, பற்றியதுதான்; பொருள் அன்று. வெள்ளைக் குதிரை லாயத்திலேயே நிற்கிறது. இவ்வளவு நுட்பமான ஆட்சி நமக்கு இருந்தது என்பது எனக்குப் பெருமை தருகிறது. ஆனால் திரையில் ‘இயைபு’ என்ற சொல் உடன் வராது. தனித்து நிற்கும் ‘நீக்கு’ பொருளையே அழிப்பதாகத்தான் படிக்கப்படும்.

என் பரிந்துரை ‘விலக்கு’ என்ற அடியிலிருந்து வருகிறது. தென்மாவட்டங்களில் பேருந்தில் சென்றவர்கள் இச்சொல்லை நன்கு அறிவார்கள். பெருஞ்சாலையிலிருந்து ஓர் ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்தை இப்பக்கத்தில் ‘விலக்கு’ என்கிறோம். தேனி மருத்துவக் கல்லூரி இருக்கும் க.விலக்கு அப்படிப் பெயர் பெற்றதே. நெடுந்தூரப் பேருந்து விலக்கில் ஆளை இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடும், ஊருக்குள் போகாது. அதனால் ஊருக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. காப்பு நகல் எடுக்கும்போது நடப்பதும் இதுவே: செயல் அந்தக் கோப்புறைக்குள் போவதில்லை, கோப்புறை இருந்த இடத்தில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

வரிவிலக்கு, விதிவிலக்கு, மதுவிலக்கு என்று இச்சொல்லின் மேல் ஏற்கெனவே சுமை அதிகம் என்ற மறுப்பு வரும். அதனால்தான் துணைவினையைச் சேர்த்து ‘விலக்கிவை’ என்கிறேன். ‘நீக்கிவிடு’ என்பதில் ‘விடு’ செயல் முடிந்துபோனதைக் காட்டுகிறது. ‘விலக்கிவை’ என்பதில் ‘வை’ பொருள் ஓரிடத்தில் இருப்பதையும், வேண்டும்போது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதையும் காட்டுகிறது. இரண்டெழுத்து கூடினாலும் பயனரின் அச்சம் நீங்கும்.

‘ஒதுக்கிவை’ என்ற மாற்றை நான் ஏற்கவில்லை. இட ஒதுக்கீடு, நினைவக ஒதுக்கீடு ஆகியவற்றில் ‘ஒதுக்கு’ என்பது ஒருவருக்கென்று எடுத்துத் தருவது. ஊரில் ‘ஒதுக்கிவைத்தார்கள்’ என்றால் உறவே அறுத்தது. எதிரெதிர்ப் பொருள்களைத் தாங்கும் வினையைப் பொத்தானில் இடக் கூடாது.

சமூகவியல் கட்டுரைகளில் வரும் ‘எக்ஸ்க்ளூஷன்’ என்பதற்கு மட்டும் ‘ஒதுக்கல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். ‘ஒதுங்கல்’ என்று எழுதிவிடாதீர்கள். தன்வினையில் எழுதினால் மக்கள் தாமாக விலகி நின்றதுபோல் ஆகிவிடும், ஒதுக்கியவர் மறைந்துபோவார். மதுரையில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாதிருந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றதை ‘ஆலயப் பிரவேசம்’, ‘ஆலய நுழைவு’ என்கிறோம். அடைத்த வாயில் ஒன்று இருந்ததையும், அடைத்தவர்கள் இருந்ததையும் அப்பெயரே சொல்கிறது. கலைச்சொல்லிலும் அந்தப் பிறவினை நிற்க வேண்டும்.

விலைப்பட்டியலில் வரும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ பற்றி ஓர் அம்மையார் கேட்டிருந்தார். கடைத்தெருவில் எல்லோரும் ‘ஜிஎஸ்டி தனி’ என்றுதான் சொல்கிறார்கள், அதையே எழுதலாம். இலக்கணத்தில் வரும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ இடைச்சொல்லுக்குப் ‘பிரிநிலை’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ‘அவனே கொண்டான்’ என்பதில், பிறரிலிருந்து அவனைப் பிரித்துக் காட்டும் ஏகாரம் அது.

இப்போதைக்குத் திரையில் மூன்று இடங்களை மாற்றித் தருகிறேன்: பொத்தானில் ‘விலக்கிவை’, பட்டியலின் தலைப்பில் ‘விலக்கிவைத்தவை’, உதவிக்குறிப்பில் ‘இக்கோப்புறை நகலெடுக்கப்படாது, ஆனால் உங்கள் கணினியில் அப்படியே இருக்கும்’. மூன்றாவது வரி நீளம் என்று தோன்றினால் சுருக்கித் தாருங்கள். ‘அப்படியே இருக்கும்’ என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து