"சிரைக்கப் போகலாம்" என்று எழுதினால் நீக்கத்தான் வேண்டுமா?

காவிரிக்கரை (மட்டுறுத்துநர்)
கிரிக்கெட் பகுதிக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரன் எடுக்காமல் ஆட்டமிழந்த தொடக்க ஆட்டக்காரரைப் பற்றி 'கடைசி ஓவர்' என்ற உறுப்பினர், "மட்டையை வைத்துவிட்டுச் சிரைக்கப் போகலாம்" என்று எழுதினார். மதுரையில் சலூன் வைத்திருக்கும் 'சாணைக்கல்' ஆட்சேபித்தார். உடனே வேறு சிலர் வேண்டுமென்றே அதே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். எல்லாவற்றையும் நீக்கினேன். இப்போது என் மீது புகார் வந்திருக்கிறது. தொழிலை இழிவுபடுத்தும் வசைகளுக்கும் பட்டப்பெயர்களுக்கும் தடை என்று ஒரு விதி சேர்க்கலாமா? சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு இங்கே ஏற்கெனவே தடை இருக்கிறது. அதை மறுபடி கிளற வேண்டாம்.

கடைசி ஓவர்
நான் எந்தத் தொழிலாளியையும் திட்டவில்லை. ஒரு கோடீஸ்வர ஆட்டக்காரரைத் திட்டினேன். என் தாத்தா உழாத மாட்டைக்கூட அப்படித்தான் திட்டுவார். மாடு கோபித்துக்கொண்டதில்லை. ஒரு வசைக்கு இத்தனை பெரிய பஞ்சாயத்தா?

சாணைக்கல்
மாடு கோபித்துக்கொள்ளாது தம்பி, அதற்கு முடிவெட்டும் கடை இல்லை.

என் கடையில் தொலைக்காட்சி உண்டு. ஆட்டம் நடக்கும் நாளில் கூட்டம் இருக்கும். நாற்காலியில் ஒருவர் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார், சோப்பு நுரை காது வரைக்கும் இருக்கும், என் கையில் கத்தி. விக்கெட் விழும். "இவனெல்லாம் சிரைக்கத்தான் லாயக்கு" என்பார். அடுத்த நொடி கண்ணாடியில் என் முகம் அவருக்குத் தெரியும். "உங்களைச் சொல்லவில்லை அண்ணே" என்பார். யாரைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாமலா அந்தச் சமாதானம் வருகிறது? நான் படிக்காரத்தைத் தேய்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். கடையில் வாயை மூடிக்கொள்கிறேன், அது பிழைப்பு. இங்கே என்ன பிழைப்பு இருக்கிறது, வாயை மூடிக்கொள்ள?

என் அப்பா காலத்தில் கிராமத்தில் எங்களைக் குடிமகன் என்பார்கள். வருஷம் முழுக்க வீடு வீடாகப் போய் வேலை செய்தால் அறுவடையின்போது களத்தில் நெல் அளப்பார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு எதுவும் நாங்கள் இல்லாமல் நடக்காது. அப்பத்தா மருத்துவச்சி, ஊரில் பாதிப் பேரைத் தூக்கி எடுத்த கை. அந்தக் கையில் பிறந்த பையன்களே வளர்ந்த பிறகு அப்பாவை "வாடா" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த "வாடா"வின் மிச்சம்தான் இந்த வசை.

வாய்தா
ஐயா சாணைக்கல், உங்கள் மனவருத்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனவருத்தத்தை விதியாக எழுதும்போது என்ன ஆகும் என்று வக்கீலாகப் பார்த்தவன் நான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கிறதா? எரிச்சலூட்டும், சங்கடப்படுத்தும் பதிவுக்கெல்லாம் சிறை என்று எழுதி வைத்திருந்தார்கள். 2012இல் அப்போதைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகப் புதுச்சேரி வியாபாரி ஒருவர் கைதானார். எளியவர்களைக் காக்க என்று சொல்லிக்கொண்டு வந்த பிரிவு, வலியவர்களுக்குத்தான் உதவியது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

இன்னொன்று. தமிழில் திட்டு வாங்காத தொழில் எது? "வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை." "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்." "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்." எங்கள் தொழிலைப் பற்றிய பழமொழிகளை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் நீக்கினால் பழமொழிப் பகுதியையே இழுத்து மூடலாம்.

தடை எங்கே போய் நிற்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2009 பிப்ரவரியில் ஷாருக் கான் தயாரித்த 'பில்லு பார்பர்' படத்துக்கு மும்பை சலூன்காரர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. தலைப்பில் 'பில்லு' மட்டும் மிஞ்சியது. கதையே ஒரு முடிதிருத்துபவரின் நல்ல குணத்தைப் பற்றியது. தொழிலின் பெயரைச் சொல்வதே குற்றம் என்றால் அந்தத் தொழிலை மதிக்கிறோமா, மறைக்கிறோமா?

ஒற்றைப்பனை
வாய்தா ஐயாவின் பழமொழிப் பட்டியலில் ஒரு சங்கதி விட்டுப்போயிற்று. வாத்தியார் மகன் வாத்தியாராகவே ஆக வேண்டும் என்று எந்த ஊரும் கட்டாயப்படுத்தவில்லை. போலீஸ்காரர் வீட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. அரை வைத்தியனை நக்கல் செய்பவர்கள்கூட நோய் வந்தால் வைத்தியர் காலில்தான் விழுகிறார்கள். ஆசிரியரைக் கேலி செய்வதும், பிறப்பால் தலையில் கட்டிய தொழிலை வசையாக்குவதும் ஒன்றல்ல.

66ஏ அரசின் தடி. இங்கே போலீஸும் இல்லை, சிறையும் இல்லை. ஒரு குழு தன் திண்ணையில் எதைப் பேசலாம் என்று முடிவு செய்கிறது, அவ்வளவுதான்.

சட்டத்தைச் சொன்னீர்கள், அதையே பேசுவோம். பட்டியல் சாதியினரைப் பொதுப் பார்வையில் சாதி சொல்லி இழிவு செய்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் இரட்டைக் குவளை முறையையும் சேர்த்தே கண்டித்தது. இணையத்தில் பேசியதும் பொதுப் பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் நாவிதர், மருத்துவர் என்ற பெயர்களில் வரும் முடிதிருத்தும் சமூகங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. சாணைக்கல் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவார்? நம் விதிதான் அவருக்கு இருக்கும் ஒரே இடம்.

வேதவல்லி டீச்சர்
நான் யார் பக்கமும் இல்லை. மட்டுறுத்துநருக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: சொற்பட்டியல் போட்டுத் தானியங்கியாக நீக்கும் ஏற்பாட்டைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பள்ளி உயிரியல் பாடத்தில் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயின் பெயர் சிரை. தமனி, சிரை என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். உங்கள் எந்திரம் என் ரத்த ஓட்டப் பாடத்தையே நிறுத்திவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். ராதாகிருஷ்ணன் சாலையில் பக்கிங்காம் கால்வாய் மேல் இருக்கும் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆயிற்று. அதை வெள்ளைக்காரர்கள் திரும்ப மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கினார்கள். பிற்பாடு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். ஒரு துரை இப்படி நாவிதரான கதையை எழுதினாலும் எந்திரத்துக்கு வசைதான்.

ராயபுரம் அலை
எல்லோரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பகுதி அனுபவத்தைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் அன்றைய முதல்வர் பழனிசாமி, துப்புரவுப் பணியாளர்கள் இனி தூய்மைப் பணியாளர்கள் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். கொரோனா வந்தது, கைதட்டினோம், சில இடங்களில் பூத் தூவினார்கள், மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பந்தலில் கிடந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, இருக்கிற சம்பளத்தைக் குறைக்காதே என்பதுதான் கோரிக்கை. 13 நாள் கழித்து நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிப்போட்டது. ஏற்றிய வண்டியிலும் மரியாதையான பெயரோடுதான் ஏற்றினார்கள்.

இந்த விதியால் உங்கள் மனசாட்சி சுத்தமாகும். வேறு யாருக்கும் எதுவும் கிடைக்காது.

சாணைக்கல்
அம்மா, சம்பளம் கொடுக்காமல் பெயரை மட்டும் மாற்றியது மோசடிதான். அதற்காகச் சம்பளம் வரும்வரை வசையையும் வாங்கிக்கொள் என்றால் என்ன நியாயம்? இரண்டையும் கேட்கிறேன். இங்கே இரண்டாவதைத்தான் கேட்க முடியும், மட்டுறுத்துநரிடம் போய்ச் சம்பளமா கேட்பேன்?

2020 ஊரடங்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் கடைகளை மார்ச்சில் மூடியவர்கள் மதுரைப் பக்கம் மே கடைசியில்தான் திறக்கவிட்டார்கள். அந்த நாட்களில் இந்தக் குழுவில் ஆளாளுக்கு வீட்டில் தாங்களே வெட்டிக்கொண்ட தலையைப் படம் பிடித்துப் போட்டீர்கள். பின்மண்டையில் படிக்கட்டு, ஒரு கிருதா மேலே, ஒரு கிருதா கீழே. லாயக்கில்லாதவன் செய்கிற வேலை அது இல்லை என்று அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

கரம்பைக்காடு
சாணைக்கல் அண்ணனிடம் நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததாகச் சலூன்காரர்கள் மீது வழக்குப் பதிவான செய்தி தமிழ்நாட்டில் இன்றும் வருகிறது. எங்கள் ஊரில் நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை பக்கத்து டவுனுக்கு பஸ் ஏறிப் போய்த்தான் முடி வெட்டிக்கொண்டேன். உள்ளூர்க் கடையில் காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்பேன். "சிரைக்கப் போ" என்ற வசை உங்களுக்கு வலிக்கிறது, சரி. என்னைச் சிரைக்கவே மாட்டேன் என்றவர்களுக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்?

சாணைக்கல்
அது நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "அவனுக்கு வெட்டிய கத்தி எங்களுக்கு வேண்டாம்" என்று மேல்தெருக்காரர்கள் சொன்னால் கிராமத்துக் கடை ஒரே வாரத்தில் படுத்துவிடும். அந்தப் பயத்தில் மறுக்கிறார்கள். பயம் காரணம்தான், மன்னிப்பு ஆகாது. மறுத்தவர் மீது வழக்குப் போடுவது சரியே. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பகையும் சம்பாதித்திருக்கிறேன்.

உங்களை நாற்காலியில் உட்காரவிடாத அதே ஆட்கள்தான் எங்களை அந்தத் தொழிலின் பெயரால் திட்டுகிறவர்களும்.

கரம்பைக்காடு
அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனாலும் விதிக்கு எதிராக வாக்களிக்க மாட்டேன்.

வாய்தா
ஒற்றைப்பனை அவர்களே, உங்கள் திண்ணை உங்கள் உரிமை. ஆனால் "தொழிலை இழிவுபடுத்தக் கூடாது" என்று எழுதிவையுங்கள், முதலில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். "போலீஸ் லஞ்சம் வாங்குகிறது" என்று எழுதினால் ஒரு காவலர் தொழிலை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று புகார் கொடுப்பார். அடுத்து மணல் ஒப்பந்ததாரர், அதற்கடுத்து அரசியல்வாதி. அரசியலும் இப்போது தொழில்தானே? போக்குவரத்துக் காவலரை "மாமா" என்று கூப்பிடும் கல்லூரிப் பையனையெல்லாம் நீக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒற்றைப்பனை
விதியை நீங்கள் சொல்வது போல எழுதினால் அப்படித்தான் ஆகும். அதனால் அப்படி எழுதக் கூடாது.

2015 ஏப்ரலில் வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த வி.கே. சிங் பத்திரிகையாளர்களை 'பிரஸ்டிட்யூட்' என்று எழுதினார், 'பிரஸ்' என்பதையும் பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் 'பிராஸ்டிட்யூட்' என்பதையும் ஒட்டிய சொல். பெரிய கொந்தளிப்பு. அந்த வசைக்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. அடி விழுவது பத்திரிகையாளர் மேல். அடிக்க எடுத்த கல், பாலியல் தொழில் செய்யும் பெண். பத்திரிகையாளர்கள் தங்களுக்காகப் பேசினார்கள், பேச அவர்களுக்குப் பத்திரிகை இருக்கிறது. கல்லாகப் பயன்பட்டவர்களைப் பற்றி யாராவது பேசி நான் கேட்ட நினைவில்லை.

கடைசி ஓவர் எழுதிய வரியும் இதே வகைதான். "நான் ஆட்டக்காரரைத்தானே திட்டினேன்" என்கிறார், உண்மைதான். திட்டுவதற்கு எதை எடுத்தார்? ஆகவே ஒரு தொழிலை விமர்சிப்பது வேறு, ஒரு தொழிலை எடுத்து இன்னொருவரை அடிப்பது வேறு. "போலீஸ் லஞ்சம் வாங்குகிறது" முதல் வகை, இருக்கட்டும். "சலூனில் பிளேடு மாற்றாமல் சவரம் செய்கிறார்கள்" என்று சாணைக்கல் கடையைப் பற்றியே எழுதினாலும் இருக்கட்டும், அவர் பதில் சொல்லிக்கொள்வார். இரண்டாம் வகையை மட்டும் எடுத்துவிடலாம்.

சாணைக்கல்
புது பிளேடு போட்டுத்தான் தொடங்குவேன், வந்து பாருங்கள். மற்றபடி சம்மதம்.

கடைசி ஓவர்
எனக்குச் சம்மதமில்லை. வசை என்றாலே எதையாவது எடுத்து யாரையாவது அடிப்பதுதான். நாய், கழுதை, எருமை எல்லாம் இருக்கலாம், தொழில் மட்டும் கூடாதா?

ஒற்றைப்பனை
ஆம். கழுதை இந்தக் குழுவில் உறுப்பினர் இல்லை.

காவிரிக்கரை (மட்டுறுத்துநர்)
இந்த மாதிரி எழுதிப் பார்க்கிறேன்: "ஒருவரை இகழ்வதற்கு ஒரு தொழிலின் பெயரையோ வேலையையோ வசையாகப் பயன்படுத்தும் வரி நீக்கப்படும். தொழிலைப் பற்றிய விமர்சனம், பாடம், வரலாறு, பழமொழி ஆய்வு நீக்கப்படாது. நீக்கும்போது காரணம் அந்த இடத்திலேயே எழுதப்படும்." தானியங்கி நீக்கம் கிடையாது, டீச்சர் கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம்.

வாய்தா
காரணம் எழுதப்படும் என்ற வரிக்காக மட்டும் என் எதிர்ப்பை வைத்துக்கொண்டே ஒதுங்குகிறேன். மேல்முறையீடு யாரிடம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீக்கியவரே விசாரிக்கக் கூடாது.

கடைசி ஓவர்
ஒரே ஒரு சந்தேகம். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது நீங்கள் சொல்லும் இரண்டாம் வகைதானே? அதுவும் போய்விடுமா?

காவிரிக்கரை (மட்டுறுத்துநர்)
மேய்ப்பதும் தொழில்தான். போய்விடும்.

கடைசி ஓவர்
அப்படியானால் கிரிக்கெட் பகுதியை விட்டுவிட்டு முதலில் ஆசிரியர்கள் பகுதியைத் திறந்து பாருங்கள். தேர்வு முடிவு வந்த வாரத்துப் பதிவுகளிலிருந்து தொடங்கினால் வேலை சுலபம்.

வேதவல்லி டீச்சர்
நான் அந்தப் பகுதியின் துணை மட்டுறுத்துநர். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், நிறைய இருக்கிறது.