பப்பாசி பூக்குது, ஆனா காய்க்குதில்ல. ஏன்?

வெள்ளவத்தை_வளவு:
எங்கட மதிலோட நிக்கிற பப்பாசி ஒரு வருசமா பூக்குது, ஒரு காயும் இல்ல, நீட்டுக் காம்பில சின்னச் சின்னப் பூ கொத்தாத் தொங்கி காலமைல வாசல் முழுக்கக் கொட்டிக் கிடக்கு, கூட்டிக் கூட்டி அலுத்துப்போய் அம்மா வெட்டச் சொல்றா. உரம் போட்டா சரி வருமா?

பயோ_ரியூசன்:
உரத்தில ஒண்டும் நடக்காது, அது ஆண் மரம். பெண் மரத்தில எக்ஸ் எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்), ஆணில எக்ஸ் வை, ஒரே பூவில ஆணும் பெண்ணும் சேந்திருக்கிற இருபால் மரத்தில அந்த வையே கொஞ்சம் வேற மாதிரி. ஒரு பூவை நெடுக்கக் கிழிச்சுப் பாருங்கோ, மகரந்தம் தாற 10 கேசரம் இருக்கும், நடுவில ஊசி மாதிரி ஒரு துண்டு, அதுதான் பாதியில வளராம நிண்ட சூலகம், காயா மாற வேண்டிய பகுதி. பெண் பூவில கதையே வேற, அங்க கேசரம் தொடக்கத்திலயே உருவாகிறதில்ல.

கொட்டாஞ்சேனை_மாமி:
நீட்டுப் பழத்திட விதையப் போடுங்கோ தம்பி. உருண்டைப் பழம் வேணாம்.

பயோ_ரியூசன்:
மாமி சொல்றது சரி, நீட்டுப் பழம் இருபால் மரத்துட. தன் மகரந்தத்திலயே காய்ச்சிருந்தா கன்றுகள் 2 பங்கு இருபால், 1 பங்கு பெண், ஆணே வராது, ரெண்டு வை சேர்ந்த விதை பிழைக்காது. ஆனா வெயில் கூடினா இருபால் பூவும் சூலகம் சுருங்கி ஆண் பூ மாதிரிப் போகும், அதுக்காக மரத்த வெட்டிப்போடாதீங்கோ.

வெள்ளவத்தை_வளவு:
கிழிச்சுப் பாத்தன், ஊசி இருக்கு!! அம்மாவிட்டக் கத்தியக் குடுத்தாச்சு.