மயிலாடுதுறையிலிருந்து கடலோரமாக ஒரு நாள்: பொறுமையான டிரைவர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று கடலோரமாகப் போய்வர ஆசை. நேரமிருந்தால் கோடியக்கரையும். பூநாரைகள் வரும் பருவம், அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மயிலாடுதுறை பக்கம் சொந்த வண்டி வைத்து ஓட்டும் நல்ல டிரைவர் யாரையாவது தெரியுமா? அம்மாவுக்கு மூட்டுவலி. காரில் ஏறும்போது முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே வைப்பார். அந்த ஒரு நிமிடம் பொறுக்கிற ஆள் வேண்டும். போன தடவை வந்தவர் தரங்கம்பாடியில் இருபது நிமிடத்திலேயே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். டேனியர்கள் 1620இல் கட்டிய கோட்டையை வெளியே நின்று பார்த்ததோடு சரி. பக்கத்தில் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகவே முடியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதனால் இந்த முறை நேரம் பார்த்து ஓடப்போவதில்லை. பிடித்த இடத்தில் உட்காருவோம், முடியாவிட்டால் கோடியக்கரையை விட்டுவிட்டுத் திரும்புவோம். இப்படிப் போவதற்கு நாள் வாடகை பேசுவது நல்லதா, கிலோமீட்டர் கணக்கா? டிரைவர் பேட்டா, வெயிட்டிங், டோல் எல்லாம் சேர்த்து முன்கூட்டியே பேசிவிடலாமா? அப்புறம், பெரிய வண்டி வேண்டாம், ஏற உயரமாக இருக்கும். நீங்களே கூட்டிப்போய்ப் பழகியவராக இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸில் சொல்லுங்கள்.