புதுப்பிப்பு: விவசாயிகளிடம் எரிந்து விழுந்த ஊழியர் – எந்த யோசனை பலித்தது

டெல்டா கிராமம் ஒன்றின் நெல் கொள்முதல் நிலையத்தில் என் பொறுப்பில் உள்ள அனுபவமிக்க ஊழியர், குறுவை அறுவடை நேரத்தில் விவசாயிகளிடம் எரிந்து விழுகிறார், என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

எச்சரிக்கைக் கடிதம், வேலை மாற்றம் ஆகிய யோசனைகளை நான் ஏற்கவில்லை. “தனியே அழைத்து விசாரிக்காதீர்கள், அவர் வேலை செய்யும் இடத்திலேயே பக்கத்தில் நின்று பாருங்கள்” என்று ஓர் அன்பர் எழுதியதுதான் பலித்தது.

நின்று பார்த்தபோது காரணம் புரிந்தது. இரவெல்லாம் படுதா போர்த்தி நெல்லைக் காத்துக் கிடந்த விவசாயியிடம், ஈரப்பதம் கொள்முதலுக்கான 17 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது, மறுபடி காயவையுங்கள் என்று சொல்ல வேண்டியவர் அந்த ஊழியர்தான். விதியை வகுக்காத அவர்மீதே அத்தனை கோபமும் விழுந்தது. அந்த வார்த்தையைச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் விவசாயியின் கண்ணெதிரே மாதிரி எடுத்து, ஈரப்பதமானி காட்டும் அளவை முதலில் அவருக்கே காட்டுகிறோம்.

எதிர்பாராத பலன் ஒன்று: ஊழியரே இப்போது, “அடி நெல்தான் ஈரம், அதை மட்டும் பரப்புங்கள் ஐயா” என்று வழி சொல்கிறார். மூட்டைகள் குவியும் நாட்களில் அவர் குரல் இன்னமும் உயர்வதுண்டு. அன்று நான் களத்தைவிட்டு நகர்வதில்லை.