பெல்ட் பக்கம் ஆயில் ஒழுகுகிறது: கிராங்க் சீல்தானா?

பாளை வாசி
வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டைமிங் செயின். 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரமாகக் காலையில் எடுக்கும்போது தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இரண்டு மூன்று கறை கிடக்கிறது. வாரம் இரண்டு தடவை பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போய்வருவேன். நான்குவழிச் சாலையில் போய்வந்த மறுநாள் கறை அதிகம், ஊருக்குள் மட்டும் ஓட்டினால் குறைவு. இன்ஜின் முன்பக்கம், கீழ்ப் புல்லி, அதைச் சுற்றி எல்லாமே கறுப்பாக நனைந்திருக்கிறது.

பக்கத்துப் பட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்த கையோடு, "கிராங்க் சீல் போச்சு, டைமிங் கவரைக் கழத்தணும், 14,000 ஆகும்" என்றார்கள். கிராங்க் சீல் என்பது கீழ்ப் புல்லிக்குப் பின்னால் ஆயிலை அடைக்கிற வளையமாம், டைமிங் கவர் என்பது செயினை மூடுகிற மூடியாம். என் மாமனாரோ, "கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே ஓட்டுங்க மாப்ள" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அம்பை பட்டறைக்காரன்
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். முன்பக்கம் என்பது ரேடியேட்டர் பக்கமா, பெல்ட் பக்கமா? உங்கள் வண்டி மாதிரி இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருந்தால், பெல்ட்டும் புல்லியும் இருக்கும் முனைக்குத்தான் பட்டறையில் இன்ஜின் முன்பக்கம் என்று பெயர். அது டயரைப் பார்த்து இருக்கும். ரேடியேட்டரைப் பார்க்கிற பக்கம் நனைந்திருந்தால் ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று கதை வேறு மாதிரிப் போகும்.

பாளை வாசி
பெல்ட் பக்கம்தான் அண்ணாச்சி. டிரைவர் பக்க முன் டயருக்கு உள்ளே.

தென்காசி டாக்சி
20W-50 கெட்டி ஆயில் ஊற்றுங்கள், கசிவு தன்னால் குறையும். என் பழைய வண்டியை அப்படித்தான் இரண்டு குற்றால சீசன் ஓட்டினேன்.

அம்பை பட்டறைக்காரன்
டாக்சி அண்ணாச்சி, உங்கள் பழைய வண்டிக்கு அது சரிப்பட்டிருக்கும். இந்த இன்ஜினில் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரே ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அங்கே போய்ச் சேர நேரமாகும், செயின் சலசலக்கும். புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடையே ஊற்றுங்கள். கசிவை நிறுத்தும் என்று விற்கிற மருந்தும் வேண்டாம்.

பாளைத் தம்பிக்கு: நனைந்த இடமெல்லாம் ஒழுகுகிற இடம் இல்லை. ஆயில் மேலே கசிந்து கீழே வடியும். புல்லியில் பட்டதும் அது சுற்றுகிற வேகத்தில் நாலாபக்கமும் தெறிக்கும். வண்டி வேகமாகப் போனால் காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும், அதுவும் ஆரல்வாய்மொழிக் காற்றைச் சொல்லவே வேண்டாம். கடைசியில் சேம்பர் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடியில் வந்து சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துச் சீலைக் குறை சொல்வது, முற்றத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து முற்றத்துத் தரையைப் பெயர்க்கிற மாதிரி. ஓடு மேலே உடைந்திருக்கும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. இன்ஜின் ஆறியபிறகு டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு, துணியால் துடையுங்கள். ஆல்டர்னேட்டர் மேல் பாலிதீன் பை கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஆற்றோரம் கொண்டுபோயும் கழுவாதீர்கள், அந்தத் தாமிரபரணியைத்தான் எல்லோரும் குடிக்கிறோம்.

நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து டாப் கவர் (இன்ஜின் உச்சி மூடி) விளிம்பு, டைமிங் கவர் ஓரம், புல்லி சுற்றுப்புறம் எல்லாம் மெல்லத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் எது உயரமான ஈரமோ, அங்கேதான் ஆள் இருக்கிறான். இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கை, துணி, வேட்டி நுனி எதுவும் போகக்கூடாது. கீழே குனிந்து பார்ப்பதென்றால் வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

இன்னொன்று. கிராங்க் சீல் மட்டும்தான் என்றால் பெரும்பாலான செயின் இன்ஜினில் டைமிங் கவரைக் கழற்றவே வேண்டாம். பெல்ட்டையும் புல்லியையும் கழற்றினால் சீலை வெளியிலிருந்தே நெம்பி எடுத்துவிடலாம். டைமிங் கவரைச் சுற்றி ஆயில் கசியாமல் போட்ட பேஸ்ட் விட்டிருந்தால்தான் கவர் கழற்றுகிற வேலை. அதற்கு அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்டிங்கையும் எடுக்க வேண்டிவரும், கூலி ஏறும். 14,000 எந்த வேலைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் வாத்தியார்
அது இன்ஜின் ஆயில்தானா என்றும் பார்த்துவிடுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை போட்டால் போதும். கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ தெரியும். ஏசி தண்ணீருக்கு நிறமே கிடையாது. எனக்கு ஒரு தடவை ஆயில் என்று பதறிப் போய்ப் பார்த்தால், முந்தின வண்டிக்காரன் விட்டுப்போன கறை.

பாளை வாசி
ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. அட்டையில் விழுந்தது கறுப்பு ஆயில்தான். கழுவி, வீட்டு அம்மாவின் பவுடர் டப்பாவில் பாதியைக் காலி செய்து (திட்டு தனி), சேரன்மகாதேவி வரை போய்வந்தேன். கிராங்க் புல்லியைச் சுற்றிப் பவுடர் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. டாப் கவரும் டைமிங் கவரும் சேருகிற மூலையில், பின்பக்கம், சுண்டுவிரல் அகலத்துக்கு ஈரம். அங்கிருந்து கோடு போட்ட மாதிரி கீழே இறங்குகிறது.

அம்பை பட்டறைக்காரன்
ஆள் அகப்பட்டான். டாப் கவர் பேக்கிங் (மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் பட்டை) சூட்டில் வெந்து கல் மாதிரி ஆகியிருக்கும். அந்த மூலையில் இரண்டு பாகம் ஒட்டுகிற இடத்தில் ஒரு சின்னப் படி இருக்கும், பேக்கிங் மட்டும் அதை மூடாது. புதுசு போடும்போது அங்கே ஒரு பொட்டு சிலிக்கான் பேஸ்ட் வைக்க வேண்டும். பொட்டுதான், கொழுக்கட்டை மாவு மாதிரி அப்பினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைக்கும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். கசிகிறதே என்று பலம் போட்டு முறுக்கினால் கவர் வளையும், கசிவு கூடும்.

கையோடு பிசிவி வால்வையும் பாருங்கள், இன்ஜினுக்குள் சேருகிற புகைக்காற்றை வெளியே எடுக்கிற வால்வு அது. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது வால்வைக் குழாயோடு வெளியே எடுத்து அதன் திறந்த முனையில் விரலை வைத்தால் உறிஞ்ச வேண்டும். அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, இளைத்த பேக்கிங் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். வேகமாகப் போனால் உங்களுக்குக் கசிவு கூடுவதைப் பார்த்தால் எனக்கு அதன்மேலும் சந்தேகம்தான்.

பாளை வாசி
வால்வு உறிஞ்சவே இல்லை. ஆட்டினால் சத்தமும் இல்லை, உள்ளே கரி. பேக்கிங், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். வேறு பட்டறையில்தான் செய்தேன். நேற்று நாகர்கோவில் போய்வந்தேன், இன்று காலை அட்டையில் ஒரே ஒரு சொட்டு.

அம்பை பட்டறைக்காரன்
இண்டு இடுக்கில் தங்கின பழசாக இருக்கும். கேஜ் குச்சியில் இன்றைக்கு ஆயில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு 500 கி.மீ. ஓட்டுங்கள். இறங்கினால் மறுபடியும் பவுடர் டப்பாவை எடுங்கள், இந்தத் தடவை சொந்தக் காசில் வாங்கி.